வேலம்பாளையத்தில் இருந்த சீனத் தாள்

அப்பா ராக்கையா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். முப்பத்தொரு வருடம் திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். எட்டாம் வகுப்புப் படிப்பு. சென்ற மாசியில் இறந்தார். நான் அவருடைய ஒரே மகள், மெக்கானிக்கல் இன்ஜினியர்.

மருத்துவமனையில் கடைசியாகத் தெளிவாகப் பேசியது இதுதான்: "ஏத்தா நதியா, அந்த ஒரு தாளை மட்டும் திருப்பிக் குடுத்துரு. களவாண்டுட்டுப் போயிட்டான்னுல்ல நெனச்சிருப்பாக."

2016இல் கம்பெனி அவரைப் பயிற்சிக்குச் சீனாவுக்கு அனுப்பியது. இங்கே ஓடிய பழைய மெஷினின் கையேட்டையும் தேடிவரச் சொன்னார்கள். அதைச் செய்த ஆலை மூடிவிட்டது. கையேடு அந்த ஆலை இருந்த நகரின் பொது நூலகத்தில் இருந்தது. அங்கே ஒரு தளம் முழுக்க உள்ளூர்ச் சேகரிப்பு: குடும்பங்களின் வம்சாவளிகள், கல்வெட்டு நகல்கள், மூடிப்போன ஆலைகளின் காகிதங்கள். ஒரு வணிகர் கொடுத்த இரண்டு அறைகளில் தொடங்கிய நூலகமாம். போர்க்காலத்தில் புத்தகங்களைப் படகுகளில் ஏற்றி மலைக் கிராமங்களில் ஒளித்தார்கள். இரண்டு படகுகள் திரும்பவில்லை. அவற்றில் போனவற்றின் பட்டியலை இன்றும் வைத்திருக்கிறார்கள். நூலகப் பெண் கைப்பேசியில் மொழிபெயர்த்துச் சொன்ன இதையெல்லாம் அப்பா மறக்கவில்லை.

கையேட்டை நகலெடுக்க விட்டார்கள். தையல் விட்டிருந்த ஒரு மூலத் தாள் நகல்களோடு வந்துவிட்டது. தெளிவாக இருக்கிறதே என்று அதையே மெஷினின் கதவுக்குள் ஒட்டினார். ஓரத்தில் இருந்த நூலக முத்திரை சிவப்பு என்பதைப் பசை காய்ந்த பிறகுதான் கவனித்தார். ஜெராக்ஸில் எல்லாம் கறுப்பு. உரித்தால் கிழியும் என்று பயந்தார். பிறகு வெளியில் சொல்ல வெட்கம்.

அந்த மெஷின் இப்போது வேலம்பாளையத்தில், அதை விலைக்கு வாங்கிய, அப்பாவை நன்கு தெரிந்த சாமியப்பனின் யூனிட்டில் ஓடுகிறது. அங்கே போய்த் தாளைக் கேட்டேன்.

"அதைப் பாத்துத்தான் கண்ணு செட்டிங் வெக்கறோம். பிச்சுட்டுப் போனா நான் என்ன பண்றது?"

"லேமினேட் பண்ணின நகல் தர்றேனுங்க."

"உங்கொப்பன் எம் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை. நீயும் அதே ரகம்தானா?"

"ஆமாங்க."

மெஷினை அவரே நிறுத்தினார்.

மைதாப் பசை, நீராவிக்கு இளகும். துணி ஸ்டீமரை ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தேன். நாற்பது நிமிடம். ஒரு மூலை கிழிந்தது. முத்திரை தப்பியது. ஓரத்தில் அப்பாவின் பென்சில் எழுத்து: 'மழை நாளில் அரைச் சுற்று தளர்த்து.'

அழித்துவிட்டு அனுப்பவா என்று நூலகத்துக்கு எழுதிக் கேட்டேன். வேண்டாம் என்றார்கள். அப்படியே அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'ஒரு தாள் இல்லை' என்ற குறிப்பைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்களாம். பென்சில் எழுத்தையும் பதிவுசெய்ய வேண்டும். எந்த மொழி, யார் எழுதியது, அவர் பிறந்த, இறந்த ஆண்டுகள் என்ன என்று கேட்டிருந்தார்கள்.

தமிழ் என்று எழுதினேன். ராக்கையா, ஃபிட்டர், திருப்பூர். பிறந்த ஆண்டை உடனே எழுதினேன். அடுத்ததை எழுத வெகுநேரமாயிற்று.