கனகசிங்கம் எழுந்து போன கூட்டம்

1984ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு யோகமலர் கனகசிங்கத்தை முதன்முதலாகக் கண்டாள். அப்போது அவர் தரையில் முழந்தாளிட்டிருந்தார்.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில் இருந்த அந்த அறைதான், சம்பளத்துக்கு விளையாடும் ஆறு பனிக்கட்டி ஹொக்கி அணிகளைக் கொண்ட ஒரு சிறிய லீக்கின் தலைமை அலுவலகம். தட்டெழுத்தாளர் வேலைக்காகப் பார்க்டேலிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். தரை முழுவதும் ஆறு நிறக் கடதாசித் துண்டுகள்.

"தங்கச்சி, நீலத்தில காலை வெச்சிராதங்க. அது சனிக்கிழமை" என்றார் அவர், அவள் தமிழா என்றுகூடக் கேளாமல்.

கனகசிங்கம் மட்டக்களப்பு பஸ் டிப்போவில் பதினேழு ஆண்டுகள் நேரக்காப்பாளராக இருந்தவர். 83 கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்து, லீக்கின் ஆட்ட அட்டவணை போடும் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அவருக்கு முன்னர், இரண்டு அணிகள் சாமான்களோடு போய் இறங்கினால், மைதானத்தில் நடனம் பழகும் சிறுமிகள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர் வந்த பின் அப்படி ஒருமுறையும் நடக்கவில்லை. பனிச்சறுக்குச் சப்பாத்தை அவர் தொட்டதில்லை. ஆட்டம் பார்க்கப் போனாலும் வீரர்கள் அடித்து விரட்டும் ரப்பர் வட்டு அவர் கண்ணில் படாது. சுவர்க் கடிகாரத்தையே பார்த்திருப்பார். ஆட்டம் எப்படி என்று கேட்டால், ஏழு நிமிடம் பிந்தித் தொடங்கியது என்பார்.

1986இல் லீக்கின் தலைமை நிர்வாகி காப்புறுதி வேலைக்குப் போய்விட்டார். ஆறு அணி முதலாளிகளும் ஆளுக்கொருவரை முன்மொழிந்தார்கள். ஒருவர் சொன்ன ஆளை மற்ற ஐவருக்கும் பிடிக்கவில்லை. எவரோடும் கொழுவாத மனிதர் அலுவலகத்தில் ஒருவர்தான் இருந்தார். ஆகவே கனகசிங்கம் தற்காலிகமாகப் பதில் தலைமை நிர்வாகி ஆனார். 'பதில்' என்ற சொல்லை எடுப்பதா, ஆளையே எடுப்பதா என்பதை அடுத்த ஆண்டு ஏப்ரல் கூட்டத்தில் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

அந்தக் கூட்டம் தொடக்கத்திலேயே சிக்கிக்கொண்டது. அணி முதலாளிகளில், மரம் விற்கும் மரக்காலைக்காரருக்கும், பேக்கரி நடத்திய றீற்றாவுக்கும் சனிக்கிழமை மாலை ஆட்டங்கள் தத்தம் ஊரிலேயே வேண்டும். ஆனால் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்ட ஒரேயொரு ஒளிபரப்பு வண்டிதான் இருந்தது. கிடைக்காதவர் அணியோடு விலகுவார். ஒருவர் விலகினால் லீக் படுத்துவிடும். லீக் படுத்தால் கனகசிங்கத்துக்கு வேலையில்லை. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து பதினொரு அட்டவணைகளை நீட்டிப் பார்த்தார். ஐந்தரைக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. எழுந்து, கோட்டுப் பொத்தான்களைப் பூட்டினார்.

தோற்றாலும் முறைப்படி விடைபெற வேண்டுமே. 'போறன்' என்று எங்கள் சனம் வாய்தவறியும் சொல்லாது. 'போயிற்று வாறன்' என்பதை அவர் அப்படியே ஆங்கிலமாக்கி, "ஐ வில் கோ அண்ட் கம்" என்று தலைசாய்த்துவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த யோகமலருக்கு அது விடைபெறுதல் என்று விளங்கியது. முதலாளிமாருக்கோ, பன்னிரண்டாவது அட்டவணை வரப்போகிறது என்று விளங்கியது. திரும்பி வருவதாகத்தானே சொன்னார் என்று றீற்றா விசாரித்தாள். அப்படித்தான் சொன்னார் என்றாள் யோகமலர். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. பிறகு தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

மூன்றரை மணி நேரம் கனகசிங்கத்தைப் பார்த்தே பேசிய இருவரும் இப்போது ஒருவரையொருவர் பார்த்துப் பேச நேர்ந்தது. மரக்காலைக்காரர் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வரை சனிக்கிழமைகளில் நத்தார் மரம் விற்பவர். அவருக்கு வேண்டியது புதுவருடத்துக்குப் பிந்திய சனிக்கிழமைகள் மட்டுமே. றீற்றாவின் ஊரிலோ, புதுவருடம் பிறந்தால் சனம் உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போய்விடும். ஏழேகாலுக்கு இருவரும் ஒரு பாண் பையின் முதுகில் கையெழுத்து வைத்தார்கள்.

யோகமலர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தபோது கனகசிங்கத்தின் வாயில் புட்டு இருந்தது.

"அண்ணை, சொன்னபடி திரும்பி வாங்கோ. எல்லாம் முடிஞ்சுது."

"நான் எப்ப திரும்பி வாறன் எண்டு சொன்னன்?"

"எல்லாருக்கும் முன்னால சொன்னனீங்கள். குறிப்பிலயும் எழுதிப்போட்டன்."

அவர் வந்ததும் மரக்காலைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சண்டைக்காரர்களை ஓர் அறைக்குள் விட்டுவிட்டு வெளியேறும் தந்திரத்தை முப்பது வருட வியாபாரத்தில் தாம் கண்டதில்லை என்றார். தம் அணியைக் காப்பாற்றியதற்குத் தாம் கடன்பட்டவர், என்றைக்கும் கேட்கலாம் என்றார். அது எங்கள் ஊர்ப் பேச்சு வழக்கு என்று கனகசிங்கம் விளக்க முயன்றார். அடக்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அன்றே 'பதில்' நீங்கியது.

1989 வசந்தத்தில் பதவி நீடிப்பு வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்று முதலாளிமாருக்குத் தொலைக்காட்சியில் முகம் தெரிந்த ஆள் வேண்டுமாம். இருவர் கனகசிங்கத்தின் பக்கம். மூன்றுக்கு மூன்று என்றால் இருப்பவரே தொடரலாம். ஆறாமவரான மரக்காலைக்காரர் ஃபுளோரிடாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். வாக்கெடுப்பை அடியோடு மறந்திருந்தார். தொலைபேசியில் வாக்களிக்கலாம், மாலை நான்கு மணி வரை நேரம் இருந்தது.

"ஒரு கோல் எடுங்கோ அண்ணை" என்றாள் யோகமலர். "அந்த ஆள் உங்களுக்குக் கடமைப்பட்டவர்."

"நான் அண்டைக்குப் புட்டுத் தின்னப் போன ஆள், தங்கச்சி. அதுக்கு எப்பிடிக் கூலி கேக்கிற?"

தானே எடுப்பதாக அவள் சொன்னபோது, அவர் தொலைபேசியின் மேல் உள்ளங்கையை வைத்தார். மணி நான்கு ஆனது. மூன்றுக்கு இரண்டில் பதவி போனது.

கோடை தொடங்கு முன்னரே பாடசாலை பஸ் நிறுவனம் ஒன்று அவரை நேரக்காப்பாளராக எடுத்துக்கொண்டது. வெயிலில் சிவந்து திரும்பிய மரக்காலைக்காரர், ஏன் ஒரு சொல் சொல்லவில்லை என்று யோகமலரிடம் கோபித்தார். பிறகு பஸ் நிறுவனத்தின் இலக்கத்தை வாங்கி, தம் கடன் இன்னும் நிற்கிறது என்று கனகசிங்கத்துக்குத் தாமே சொன்னார். கனகசிங்கம் நன்றி சொல்லி, அவருடைய ஊரில் காலநிலை எப்படி என்று விசாரித்தார். வேறொன்றும் கேட்கவில்லை.