காய்ச்சாத பாலின் வெண்ணெய்

பஸ் திரும்புகிற வளைவில் இருந்தது அந்தக் காபிக்கடை. நாலு மேஜை, பன்னிரண்டு நாற்காலி. அதில் ஒன்று ஆடும். ஆடுகிற நாற்காலியில் வெளியூர்க்காரர்கள்தான் போய் உட்காருவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது எது என்று தெரியும். கடையின் பின்கதவைத் திறந்தால் நேரே மாட்டுத்தொழுவம். அதைத் தாண்டி இரண்டரை ஏக்கரில் பீன்ஸ், முட்டைக்கோஸ், ஓரமாகக் கொஞ்சம் தீவனப்புல். முன்பக்கத்தைக் கடைக்காரி பார்த்துக்கொண்டாள், பின்பக்கத்தை அவள் கணவர். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். நடுவில் இருந்த அந்தக் கதவைப் பகலில் யாரும் சாத்தியதே இல்லை. அவர் கறந்த பாலைக் கேனோடு வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். அவள் எடுத்து அடுப்பில் ஏற்றுவாள்.

கணவருக்கு ஊரில் தபால்பெட்டி என்று பட்டப்பெயர். எதைப் போட்டாலும் உள்ளே போகும், பதில் வராது. அவருக்கும் சேர்த்துப் பேசியே பழகிவிட்டவள் கடைக்காரி. "காபித்தூள், சர்க்கரை, மாவு, இது மூணும்தான் விருந்தாளி. மத்ததெல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைங்க" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாள். பால் அவர்களுடைய ஐந்து மாடுகளின் பால். முட்டை அவர்கள் கோழிகளின் முட்டை. ரொட்டியை நாத்தனார் விடிகாலையில் வந்து பிசைந்து சுட்டுக் கொடுப்பாள்.

வெண்ணெய் மட்டும் கடைக்காரியின் கைவேலை. காய்ச்சிய பாலில் எடுத்தால் வெண்ணெய்க்கு மணம் இல்லை என்பதைக் கடை தொடங்கிய முதல் வருஷமே கண்டுபிடித்திருந்தாள். அதனால் காலைப் பாலில் ஒரு பகுதியைக் காய்ச்சாமல் குளிர்ந்த உள்ளறையில் வைத்து, மேலே படிகிற ஆடையை எடுத்துக் கடைவாள். மஞ்சளாக இருக்கும், நாக்கில் வைத்ததும் கரையும். அதிகம் கிடைக்காது. எல்லோருக்கும் தடவவும் மாட்டாள்.

அந்த வெண்ணெய்க்கு முதல் ரசிகர் எதிர்வரிசைத் தையல்காரர். மனைவியை இழந்தவர், மகளைத் தூரத்து ஊரில் கட்டிக் கொடுத்தவர். காலை ஏழரைக்கு வந்து ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தால் இரண்டு துண்டு ரொட்டி, ஒரு காபி. "தங்கச்சி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவாதம்மா. வெண்ணெய்க்கு ரொட்டி தடவிக் குடு" என்பார். தினமும் அதையேதான் சொல்வார். தினமும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. செவலை மாடு ஏழாம் மாதத்தில் செத்த கன்றை வீசிவிட்டது. கணவர் வெறுங்கையை உள்ளே விட்டு, தங்கிப்போன நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுத்துப்போட்டு, தோட்டத்து மூலையில் குழி வெட்டிப் புதைத்தார். மூன்று வாரம் கழித்துக் கருப்பி மாடும் அதேபோல வீசியது. அதை அவர் அவளிடம் சொல்லக்கூட இல்லை. தொழுவத்துப் பக்கம் ஏதோ கழுவுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். கடையில் அன்று நல்ல கூட்டம்.

அப்புறம் அவருக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. பகலெல்லாம் நன்றாக இருப்பார். பொழுது சாய்ந்தால் உடம்பு நடுங்கும், சட்டை பிழிகிற அளவுக்கு வேர்க்கும். மூட்டுக்கு மூட்டு வலி. சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரைக்கு இரண்டு நாள் அடங்கி, மூன்றாம் நாள் திரும்ப வரும். "ஏங்க, பெரிய டாக்டரப் பாக்கலாங்க" என்று கெஞ்சியும், பீன்ஸ் பறித்து முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். மூன்றாம் மாதம், புதுக் கொடிக்குக் குச்சி நடும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டார். டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த டாக்டர் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல மாடு இருக்கா?"

நாலாம் நாள் மாட்டு டாக்டர் வந்தாள். முப்பது வயசுகூட இருக்காது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஐந்து மாட்டுக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி வந்தபோது பூட்ஸைக் கழற்றாமல் கடை வாசலிலேயே நின்றாள்.

"கன்றுவீச்சு நோய்மா. அஞ்சுக்கும் இருக்கு."

"மருந்து எதாச்சும்..."

"மனுஷங்களுக்கு இருக்கு. உங்க வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுவார். மாடுங்கள வச்சிருக்கக் கூடாதும்மா. வண்டி அனுப்புவாங்க, கொண்டுபோய் அழிச்சிடுவாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள், "கடைக்குப் பாலைக் காய்ச்சித்தானே ஊத்துறீங்க?"

"பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் ஊத்துறேன், டாக்டரம்மா."

"அப்ப பயமில்ல. காய்ச்சின பால்ல அந்தக் கிருமி உசுரோட இருக்காது."

கடைக்காரி சொன்னது பொய்யில்லை. கேட்டது பாலைப் பற்றி. பாலைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் போனதும் உள்ளறைக்குப் போய், கிண்ணத்தில் இருந்த வெண்ணெயை எடுத்துப்போய்த் தோட்டத்தில் குழி வெட்டிக் கொட்டி மண்ணைத் தள்ளினாள். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். அப்புறமும் கை பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது.

வண்டி ஒரு வியாழக்கிழமை வந்தது. கணவர் எழுந்து நிற்கவே தடுமாறினார், இருந்தும் வேறு யாரையும் மாட்டின் பக்கம் விடவில்லை. செவலை பலகையில் கால் வைக்கமாட்டேன் என்று நின்றது. ஆட்கள் கம்பை எடுத்தார்கள். அவர் அதைக் கையால் தடுத்துவிட்டு, தானே பலகையில் ஏறி வண்டிக்குள் போய் நின்றுகொண்டார். செவலை அவர் பின்னால் ஏறியது. மற்ற நாலும் ஒன்றன் பின் ஒன்றாக ஏறின. கன்றாக இருந்ததிலிருந்து அவர் எங்கே போனாலும் அவருக்குப் பின்னால் போய்ப் பழகிய கூட்டம். இப்போது எதற்குச் சந்தேகப்படும்? ஒவ்வொன்றையும் கழுத்தில் தட்டிவிட்டு அவர் மட்டும் இறங்கி வந்தார். நேராகக் கடைக்குள் வந்து, பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

செய்தி ஊரெல்லாம் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. பத்து நிமிஷம் நிறுத்திக் காபி குடிக்கிற பஸ் டிரைவர், வளைவில் வேகத்தைக்கூடக் குறைக்காமல் போனார். நாத்தனார் வாசலில் நின்று, "அண்ணி, வீட்ல சின்னது இருக்கு. கொஞ்ச நாள் நான் வரல. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? கடைக்காரி டவுனிலிருந்து ரொட்டியும் பாக்கெட் பாலும் வரவழைத்து, பாக்கெட்டைக் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் அடுக்கி வைத்தாள். யாரும் பார்க்க வரவில்லை. நாலு மேஜையையும் துடைத்துவிட்டு ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர் ஒரே ஒருத்தர். ஏழரைக்குத் தையல்காரர் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெண்ணெய் இல்லை என்றதும், "பரவால்லம்மா, எல்லாம் சரியாகட்டும்" என்று வெறும் ரொட்டியைக் காபியில் தோய்த்துச் சாப்பிட்டார். அதோடு விடவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்த்து உரக்கச் சொல்வார்: "இருபது வருஷமா இங்கதான் சாப்பிடுறேன். எனக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க? சும்மா பயந்து சாகாதீங்கய்யா." அதைக் கேட்டு ஒன்றிரண்டு பேர் உள்ளே வரவும் செய்தார்கள்.

அந்த வாரத்தில்தான் ஒருநாள், சாப்பிட்டு எழுந்திருக்கும்போது அவர் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதைக் கடைக்காரி பார்த்தாள்.

"என்னண்ணே?"

"இடுப்பு பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குதும்மா. மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு வந்தது. வயசாகுதில்ல."

"காய்ச்சல் எதாச்சும் அடிக்குதா?"

"சாயந்தரமானா லேசாக் குளிரும். மழைக்காலம்தானே."

அவள் சரிண்ணே என்று சொல்லி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதினொரு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அவர் வந்து உட்கார்ந்ததும் ரொட்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வெறும் இடுப்பு வலியாக இருந்துவிட்டால் எதற்கு வீணாக ஊரைக் கிளப்ப வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றும். இப்போதுதான் நாலு பேர் வர ஆரம்பித்திருக்கிறார்கள் என்று இன்னொரு பக்கம் தோன்றும். இந்த இரண்டாவதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம், கட்டிலில் சாய்ந்திருந்த கணவரிடம் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வெண்ணெய், டாக்டர் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில், தையல்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டது. அவர் மாத்திரையை விழுங்கினார். 

"நான் மூணு மாசம் தள்ளிப்போட்டேன்" என்றார். "பாத்தியில்ல என்னைய? போய்ச் சொல்லு."

அவர் அவ்வளவு பேசுவது அபூர்வம்.

அவள் போனபோது தையல்காரர் கடையில் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே, மனப்பாடம் செய்ததைப் பிள்ளைகள் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தாள். அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேற யாரெல்லாம் சாப்பிட்டாங்க?"

"மத்தவங்க எப்பவாச்சும்தாண்ணே. தினம் சாப்பிட்டது நீங்க ஒருத்தர்தான்."

"டாக்டர்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"பயந்துட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துதான் வந்திருந்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் சட்டையை மடித்து ஓரமாக வைத்தார்.

"ஊர்ல அத்தனை பேர்கிட்டயும் உனக்காகப் பேசிக்கிட்டு இருந்தேனே, தங்கச்சி" என்றார். "உனக்குத் தெரியும். தெரிஞ்சே என்னையப் பேச விட்டுட்டே."

அவள் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். 

அங்கிருந்து நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். வெண்ணெய் யார் யாருக்குக் கொடுத்தோம் என்று நினைவுக்கு எட்டினவரை சொல்லச் சொல்ல, நர்ஸ் எழுதிக்கொண்டாள். பதினாலு பேருக்குச் சோதனை செய்தார்கள். மாவு மில்காரருடைய மனைவிக்கு லேசாக இருந்தது; ஆரம்பத்திலேயே பிடித்ததால் மாத்திரையோடு போயிற்று. தையல்காரருக்கு நோய் முதுகெலும்பில் இறங்கியிருந்தது. ஆறு வாரம் மாத்திரை, ஊசி. மறுபடி ஆறு வாரம். காய்ச்சல் நின்றது, முதுகு மட்டும் பழையபடி வளையவில்லை. அரைமணி நேரம் மெஷினில் உட்கார்ந்தால் அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

கடைக்காரி கஞ்சி வைத்துக் கொண்டுபோனாள். கதவைத் திறந்து வாங்கிக்கொண்டார். மறுநாள் பாத்திரம் கழுவித் துடைத்து, கடை வாசற்படியில் இருந்தது. மூன்று தடவை இப்படி நடந்தது. நாலாம் தடவை கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள். அப்புறம் கொண்டுபோகவில்லை.

ஊர் அவளை இரண்டாம் முறை தள்ளி வைத்தபோது, இந்தத் தடவை அவளுக்காகப் பேச யாரும் இல்லை. மாட்டு டாக்டர் ஒருநாள் தொழுவத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததைப் பார்க்க வந்தவள், "தானா முன்வந்து சொல்றவங்க ரொம்பக் குறைவும்மா" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். கடைக்காரிக்கு அந்தப் பதினொரு நாள்தான் ஞாபகம் வந்தது.

குளிர் முடிகிற சமயம் மகள் வந்து தையல்காரரைத் தன்னோடு அழைத்துப்போனாள். மெஷினை முன்னாடியே யாரோ வாங்கிப்போயிருந்தார்கள். ஒரு பெட்டி, ஒரு மூட்டை, அவ்வளவுதான் சாமான். வளைவில் பஸ் நின்றது. கடைக்காரி கடைக்கு உள்ளேயே நின்று பார்த்தாள். வெளியே வர ஒரு காலை எடுத்து வைத்தாள், வைத்த இடத்திலேயே நின்றது. அவர் பக்கவாட்டாக, கைப்பிடியைப் பிடித்து, மகள் தாங்க, ஒவ்வொரு படியாக ஏறினார். ஏறி முடிக்க நேரமானதால் டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். தையல்காரர் அந்தப்பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்துகொண்டார். இந்தப்பக்கம் வெயில் அடித்தது, அதனால் இருக்கலாம்.

கடையை அவள் மூடவில்லை. மூடிவிட்டு என்ன செய்வது? பீன்ஸ் விற்றது மட்டும் இரண்டு பேருக்குப் போதாது. ஒரு வருஷம் போனபின் சாலை வேலைக்கு வந்த வெளியூர் ஆட்கள் காபிக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பழைய கதை தெரியாது. பாக்கெட் பால், டவுன் ரொட்டி. நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை. நாத்தனார் வீட்டு விசேஷம் என்றால் கூப்பிட்டாள். ரொட்டி சுட மட்டும் திரும்ப வரவில்லை.

கணவர் எழுந்து நடமாடினார், ஆனால் பாதி ஆளாகிவிட்டார். மாடு வாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்ததும், அவள்தான் வற்புறுத்திச் சந்தைக்கு அனுப்பினாள். "ஒரே ஒரு கிடேரி போதுங்க. பாலுக்கு வேணாம், உங்களுக்குப் பேச்சுத் துணைக்கு" என்றாள். அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. காலையில் போனவர் மதியம் கையை வீசிக்கொண்டு வந்தார்.

"பிடிக்கலையா?"

"நல்ல கிடேரிதான்." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "கயித்தைக் கையில குடுத்தாங்க. பின்னாலயே வந்துச்சு, செவலை மாதிரி. அதான் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அவள் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள். சாலை ஆட்கள் மூன்று பேர் கடைக்குள் வந்து காபி கேட்டார்கள். அவள் எழுந்து போனாள்.