லாகருக்கு வேர்க்கடலை, ஸ்டவுட்டுக்கு உப்புக்கண்டம்

ஒரு மடக்கு குடித்துப் பார்த்து எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே என் நாக்கு அப்படி. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்து குறை சொல்கிறவள் என்ற பெயர்தான் மிச்சம். வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரமே பருப்பு அடிபிடித்ததை வாய் தவறிச் சொல்லிவிட்டதால், மாமியார் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அந்த நாக்கு ஒருகாலத்தில் என் வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை வாங்கித் தருகிற அளவுக்கு வந்தது. எல்லாம் பீரால்.

அறுபதுகளின் கடைசியில், கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போனோம். நம் பக்கம் அப்போது மதுவிலக்கு. ஓசூர் தாண்டி எல்லையைக் கடந்துவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது. பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும், பெண்கள் உட்பட எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் பீர் ஊற்றினார்கள். யாரும் யாரையும் பார்த்து வெட்கப்படவில்லை. நானும் வாயில் வைத்தேன். நிலவேம்புக் கஷாயம் ஞாபகத்துக்கு வந்தது. துப்ப இடம் தேடினேன், கிடைக்கவில்லை, விழுங்கிவிட்டேன். விழுங்கின பிறகு சோளப்பொரி வாசனை ஒன்று தொண்டையிலிருந்து மேலே வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க இன்னொரு வாய் குடித்தேன். அப்புறம் இன்னொன்று. அது லாகர் என்று நாத்தனார் வீட்டுக்காரர் சொன்னார்.

மறுநாள் அவர் வேறொரு பாட்டில் திறந்தார். கன்னங்கரேல் என்று இருந்தது. ஸ்டவுட். கேழ்வரகைக் கருக வறுத்துக் காபிக் கொட்டையோடு சேர்த்து இடித்த மாதிரி ஒரு மணம். அதற்கு முளைகட்டிய தானியத்தைத் தீய வறுப்பார்களாம். பெங்களூரில் பூந்தோட்டம் பார்த்தாயா, அரண்மனை பார்த்தாயா என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நான் பார்த்தது லாகரும் ஸ்டவுட்டும்தான். அதை வெளியே சொல்லவா முடியும்?

எழுபதுகளின் தொடக்கத்தில் நம் மாநிலத்திலும் மதுவிலக்கை எடுத்துக் கடை திறந்தார்கள். நாங்கள் அப்போது பாலக்கோட்டில் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் சீசன் வேலை. அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு வண்டிகளை எடை போடுவார். அரவை நின்றால் அவரும் நின்றுவிடுவார். மீதி மாதங்களில் கிணறு தூர் வாருவதிலிருந்து பந்தல் போடுவது வரை கிடைத்த வேலைக்குப் போவார். ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. நிரந்தரமாக ஒரு வேலை, தலைக்கு மேல் ஒரு குவார்ட்டர்ஸ், இவ்வளவுதான் அவர் ஆசை. ஜெபத்தில்கூட வேறெதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரு கூட்டாளி. தக்காளி மண்டிக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அவருடைய தக்காளி லாரி பெங்களூர் போய்த் திரும்பும்போது காலிக் கூடைகளுக்குள் வைக்கோல் சுற்றிய பாட்டில்கள் நாலைந்து வரும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போய்விட்டு வருவதற்குள் அவர் பாட்டில்களோடு வாசலில் நிற்பார். ஃபிரிட்ஜ் எல்லாம் ஏது? அடுப்படியில் மணல் பரப்பி, தண்ணீர் தெளித்து, பாட்டில்களை ஈரச்சாக்கால் சுற்றி வைப்பேன்.

கொஞ்ச நாளில் இது ஒரு பந்தயமானது. மண்டிக்காரர் பாட்டில்களை நனைத்து லேபிளை உரித்துவிடுவார். எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும்படி கழுத்தில் நூல் கட்டி வைப்பார். என் வீட்டுக்காரர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார வேண்டும். மண்டிக்காரர் அடுப்படியில் பாட்டிலைத் திறந்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு போய்க் கொடுப்பார். லாகரா, கசப்பு கூடின பில்ஸ்னரா, ஸ்டவுட்டா, சீக்கிரம் போதை ஏறுகிற ஸ்ட்ராங்கா என்று குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரமும் இவர் மண்ணைக் கவ்வினார். ஸ்டவுட்டைக் குடித்துவிட்டு லாகர் என்று சொன்ன அன்றைக்கு மண்டிக்காரர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. இவர் மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பாட்டில் அடியில் மிஞ்சினதை எல்லாம் ருசி பார்த்தவள் நான். டம்ளர் விளக்கும்போது, முதலில் வந்தது இது, இரண்டாவது அது என்று வரிசையாகச் சொன்னேன். மண்டிக்காரர் கடைசியில் சொன்ன வரிசையும் அதுதான். இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த வாரம் எப்படியாவது தனக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கெஞ்சினார்.

அப்படித்தான் தட்டு முறை வந்தது. மண்டிக்காரர் டம்ளரோடு நகர்ந்ததும் பாட்டிலில் மிஞ்சினதை ஒரு வாய் பார்ப்பேன். லாகர் என்றால் தட்டில் வேர்க்கடலை போகும். பில்ஸ்னருக்கு முட்டை. கசப்பு ஊசி மாதிரி நேராக இறங்கிச் சட்டென்று மறைகிறதே, அதற்கு முட்டைதான் பொருத்தம். ஸ்டவுட்டுக்கு உப்புக்கண்டம். வெல்லம் காய்ச்சுகிற கொப்பரைப் பக்கம் நிற்கிற மாதிரி மணந்து நெஞ்சைச் சுடுகிற ஸ்ட்ராங்குக்குப் பன்றி வறுவல். அதனதன் பீரோடு நிஜமாகவே நன்றாகச் சேர்கிறதா என்று நான்கைந்து ஞாயிறு சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். இவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, கட்டிய கண்ணோடு தலையை நிமிர்த்துவார், குனிவார், நாக்கைச் சப்புக் கொட்டுவார். தட்டு வரும்வரை வாயைத் திறக்க மாட்டார். தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மென்றுவிட்டு, நிதானமாகச் சொல்வார். ஒரு வருஷத்தில் பாலக்கோட்டில் இவர் நாக்கைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கொஞ்சம் பொறாமையும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

மண்டிக்காரர் இந்தப் பெருமையைப் பெங்களூர் வரை கொண்டுபோய்விட்டார். அங்கே பீர் கம்பெனி ஒன்றில் பெரிய பொறுப்பில் இருந்தவர் அவருக்குப் பழக்கம். சரக்கு ருசி பார்க்க நல்ல நாக்குள்ள ஆள் ஒருவர் தேவைப்படுகிறார், சம்பளம், குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு, நேரில் வந்து சோதித்துப் பார்க்கிறேன் என்று அவர் சொல்லியனுப்பினார். மண்டிக்காரர் நல்ல மனதோடு நாளும் குறித்துவிட்டார். அது தபசுக் காலத்தின் நாலாவது ஞாயிறு.

எங்களுக்கு அது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் ஒறுத்தல். வீட்டில் கறி கிடையாது, முட்டை கிடையாது. அதற்கு மேல் ஆளுக்கொன்று விடுவோம். இவர் பீடியை விட்டிருந்தார். நான் எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று யோசித்து, பீரை விடுவதாக நேர்ந்துகொண்டிருந்தேன். மண்டிக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நாளை மாற்றச் சொல்லலாம் என்றேன். வேலை கைவிட்டுப் போய்விடும் என்று இவர் பயந்தார். மூக்குக்கு நான் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லையே, மோந்து பார்த்தே சொல்லிவிடுகிறேன் என்று தைரியம் சொன்னேன். கறி இல்லாததால் புதுத் தட்டுகள் ஏற்பாடு செய்தோம். லாகருக்கு அதே வேர்க்கடலை, பில்ஸ்னருக்கு மாங்காய்க் கீற்று, ஸ்டவுட்டுக்குக் காராமணிச் சுண்டல், ஸ்ட்ராங்குக்கு வெல்லக்கட்டி. சனிக்கிழமை பூராவும் இவர் செபம் சொல்வது போல அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

பெங்களூர்க்காரர் ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு. நாலு பாட்டிலும் அவரே கொண்டுவந்திருந்தார், லேபிள் இல்லாமல். அவரே அடுப்படிக்கு வந்து ஒவ்வொன்றாகத் திறந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டு போனார். முதல் பாட்டிலைத் திறந்ததுமே வைக்கோலும் சோளப்பொரியும் மணந்தது. வேர்க்கடலை போனது. இரண்டாவது ஸ்டவுட், அதற்கு மூக்குகூட வேண்டாம். மூன்றாவதற்கு மாங்காய். மூன்றையும் இவர் சரியாகச் சொன்னார். முன்னறையில் மண்டிக்காரர் தொடையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

நாலாவதை மோந்து பார்த்தேன். லாகர்தான். ஆனால் அதற்கு அடியில் என்னவோ இருந்தது. இன்னொரு தரம் மோந்தேன். பிடிபடவில்லை. வேர்க்கடலையை அனுப்பிவிடலாம், தப்பில்லை. ஆனால் வேலைக்கு ஆள் தேடி வந்த மனுஷன் ஒரே லாகரை எதற்கு இரண்டு தரம் கொண்டுவருவார்? முன்னறையில் இவர் காத்துக்கொண்டிருந்தார். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பாட்டிலை வாயில் வைத்துச் சாய்த்தேன்.

மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி. நாக்கின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. சரக்கு கெட்டிருந்தது. அதைச் சொல்ல எங்களிடம் தட்டு இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் காலித் தட்டை எடுத்துக்கொண்டு போய் இவர் முன்னால் வைத்தேன்.

கண் கட்டியிருந்த மனுஷன் வழக்கம் போலத் தட்டில் கையை விட்டார். விரல் இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது, விளிம்பைச் சுற்றி வந்தது. பெங்களூர்க்காரர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

இவர் கண்கட்டை அவிழ்த்தார்.

“நாக்கு அவளோடதுங்க. எனக்கு எல்லாமே கசப்புத்தானுங்க” என்றார்.

பெங்களூர்க்காரர் கோபிக்கவில்லை. டம்ளரில் இருப்பது என்ன என்று என்னைக் கேட்டார்.

“லாகருங்க. ஆனா சூடான எடத்துல ரொம்ப நாளு கெடந்திருக்குதுங்க. நனைஞ்ச அட்டை வாசம் வருது.”

பெங்களூர்க்காரர் டம்ளரை வாங்கி மோந்து பார்த்தார். வெயில் காய்கிற சுவரோரம் ஆறு மாதம் கிடந்த பெட்டி அது என்றும், கம்பெனியில் மூன்று பேர் அதைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள் என்றும் சொன்னார். ஆம்பிளையாக இருந்தால் இப்போதே ஜீப்பில் ஏற்றிப் போயிருப்பாராம், ருசி பார்க்கிற அறையில் பெண்களை வைத்துக்கொள்ள மாட்டார்களாம். எனக்குச் சுருக்கென்றது. அவரே ஒரு வழியும் சொன்னார். மாதாமாதம் தக்காளி லாரியில் பாட்டில் அனுப்புவார். நான் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும், இவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஆறு தாள் சேர்ந்ததும் மேலே காட்டி இவருக்கு வேலை போட்டுவிடலாம். அதற்குப் பிறகு வீட்டில் யார் ருசி பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். இவர் தலையை ஆட்டினார். நானும்தான்.

மண்டிக்காரர் இரண்டு வருஷம் ஏமாந்த ஆத்திரத்தில் ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நேர்ந்ததை மீறியதை ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். கெட்டுப்போன பீரையா குடித்தாய், அதுவே பெரிய ஒறுத்தல்தான் என்று சொல்லி, பங்குச் சாமியார் பரிகாரமாக மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லவைத்ததோடு விட்டுவிட்டார்.

பாட்டில்கள் வர ஆரம்பித்தன. ஞாயிறு மதியம் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்ப்பேன். இதில் கசப்பு தூக்கல், இதில் தானியம் சரியாக வறுபடவில்லை, இதில் குறையே இல்லை என்று சொல்லச் சொல்ல இவர் எழுதுவார். என் வாழ்க்கையில் நான் சொன்ன குறையை ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டது அப்போதுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஐந்து தாள் போனது. ஆறாவது மாதம் பாட்டிலோடு கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. உங்கள் நாக்கு எங்களுக்குக் கிடைத்தது பாக்கியம், இந்த முறை தாள் வந்ததும் வேலை உத்தரவு அனுப்புகிறோம் என்று இவர் பேருக்கு எழுதியிருந்தார்கள். இவர் அதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். அன்றைக்கு நான் சொன்னதை எல்லாம் எழுதி முடித்தார். அடியில் கையெழுத்துப் போடவில்லை. தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளிப் பேனாவையும் வைத்தார்.

“நீயே போடு புள்ள.”

வேலை போய்விடும் என்று சொன்னேன். தெரியும் என்றார். இன்னொரு தரம் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் என் பெயரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.

அந்தத் தாள் போன பிறகு லாரியில் பாட்டில் வரவில்லை. கடிதமும் வரவில்லை. கொஞ்ச நாளில் நம் பக்கம் கடைகளையும் மூடிவிட்டார்கள். இவர் அடுத்த அரவைக்கும் சீசன் ஆளாகவே போனார். அதற்கடுத்த அரவைக்கும். அந்தக் கையெழுத்தைப் போட்டதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அவர் வருத்தப்பட்டாரா என்று கேட்க, அவர் இருந்த நாள் வரைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.