மேஜரின் வலது காது

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேஜர், மேஜர் இல்லை. படையில் அவர் அந்தப் பதவியின் பக்கம்கூடப் போனதில்லை. ஓய்வு பெற்று வந்து எங்கள் தெருமுனை வங்கியில் காவலராகச் சேர்ந்த அன்று, மேலாளர் அவருடைய மீசையைப் பார்த்து "வாங்க மேஜர்" என்றார். அவர் மறுத்துச் சொல்லவில்லை. காரணம் பணிவோ பெருமையோ அல்ல. மேலாளர் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. விழுந்து, புரிந்து, திருத்தலாம் என்று அவர் வாயைத் திறப்பதற்குள் தெரு முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வங்கிக் காவலுக்குக் காது மந்தமான ஆளை வைத்திருக்கிறார்களே என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. அவர் வாசலில் நிற்கும் நிற்பைப் பார்த்துவிட்டால் மறுபடி கேட்க மாட்டார்கள். கதவு திறந்து மூடும் அதிர்வு காலுக்குத் தெரியும். வருகிறவர் முகம் கண்ணுக்குத் தெரியும். பணம் எடுக்கும் இயந்திரம் வேலை செய்யவில்லை என்று யாராவது சத்தம் போட்டால், மேஜர் அமைதியாகத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். திட்டுகிறவர்களுக்கு அதில் பெரிய திருப்தி. வங்கியிலேயே குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரே மனிதர் அவர்தான் என்று பெயர்.

காது போன கதை எல்லோரும் நினைப்பது போல இல்லை. அவர் படையின் வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்தவர். அணிவகுப்பில் அவருடைய இடம் பெரிய டிரம்முக்கு இடது பக்கம். பெரிய டிரம்மை அடிப்பவர் அதை வயிற்றின் மேல் சுமந்துகொண்டு இரண்டு பக்கமும் அடிப்பார். ஒரு பக்கத்தின் முழு முழக்கமும் நேராக இவருடைய வலது காதில் வந்து இறங்கும். இடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். உயரவாரியாக நிறுத்தியிருக்கிறோம், மாற்றினால் வரிசை கெட்டுவிடும் என்றார்கள். வரிசை கெடாமல் இருக்கக் காது கெட்டது. வலது காது முக்கால்வாசி போயிற்று. அதன் துணைக்கு இடது காதும் கொஞ்சம் தேய்ந்தது. ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற வசதி அவருக்கு இல்லை. இடது காதில் வாங்கியது உள்ளேயே தங்கிவிடும். அதனால் அவருக்குக் கோபம் கொஞ்சம் நாள் நிற்கும் என்பார் அவர் மனைவி.

மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவர் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். பஞ்சு போன்ற குரல் என்றுதான் அந்த வேலையே கிடைத்ததாம். கணவரின் காதுக்காக உயர்ந்துபோன குரலில் அவர் மூன்றாவது மாடிச் சமையலறையிலிருந்து "என்னங்க, உப்பு போதுமா?" என்று கேட்டால், கீழ்த் தளத்தில் இருக்கும் நாங்கள் எங்கள் குழம்பை ஒரு தரம் ருசி பார்த்துக்கொள்வோம். கேட்கும் கருவி வாங்க அவர்கள் ஒருமுறை கடைக்குப் போனார்கள். விலையைக் கேட்டதும் நல்ல காதும் அடைத்துக்கொண்டது என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் சட்டமன்றத்துக்கு முன்னாள் படைவீரர்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. அவர்களைக் கௌரவிக்கவும் ஆதரிக்கவும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். கௌரவிப்பது என்று வந்ததும் உறுப்பினர்களுக்குள் போட்டி. ஒருவர் நாற்சந்தியில் கல்தூண் நட வேண்டும் என்றார். இன்னொருவர் அதைவிட உயரமான தூண் என்றார். அரசு விழாக்களில் முன்வரிசை நாற்காலி, பேருந்தில் தனி இருக்கை, கார் நிறுத்தத் தனி இடம் என்று வளர்ந்துகொண்டே போயிற்று. எங்கள் மேஜரிடம் கார் இல்லை, ஆனால் அதை நிறுத்த இடம் கிடைக்கும் நிலைமை வந்துவிட்டது. இதற்கெல்லாம் கீழே, கடைசிப் பக்கத்தில், ஒரு சின்னப் பிரிவு: போர்க்களத்தில் குண்டோசையால் செவித்திறன் இழந்தோருக்கு இலவசமாகக் கேட்கும் கருவி.

எங்கள் தொகுதி உறுப்பினர் சொந்த வேலையாக வங்கிக்கு வந்தவர், வாசலில் மேஜரிடம் மேலாளர் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். மேஜர் நேரம் கேட்கிறார் என்று நினைத்துக் கடிகாரத்தைக் காட்டினார். உள்ளே விசாரித்ததில், இவர் மேஜர், படையில் காது போனவர் என்று தெரிந்தது. உறுப்பினருக்குப் புதையல் கிடைத்த மாதிரி. மசோதாவைப் பரிசீலிக்கும் குழு அடுத்த வாரம் முன்னாள் வீரர்களை அழைத்துப் பேச இருந்தது. தன் கையைப் பிடித்துக்கொண்டு வர ஒரு வீரர் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

இரண்டு நாள் கழித்து அவரே மாடி ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு நாற்காலியில் உட்கார்ந்து, குழுவின் முன்னால் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எல்லாவற்றையும் மனைவி திருப்பிச் சொல்ல, மேஜர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, தன் காது போனது குண்டு வெடித்து அல்ல, டிரம் அடித்து என்றார்.

உறுப்பினர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்த வீட்டில் அது வீண் வேலை.

"ஐயா, பெரிய சத்தம்னு மட்டும் சொல்லுங்க. என்ன சத்தம்னு சொல்ல வேணாம். டிரம்முன்னா சிரிப்பாங்க."

மனைவி அதை உரக்கத் திருப்பிச் சொன்னார். கட்டடம் முழுக்கக் கேட்டது.

"சிரிக்கட்டுமே" என்றார் மேஜர். "டிரம்தான் அடிச்சாங்க. குண்டுன்னு சொன்னா, குண்டுல காது போனவன் என்னைப் பத்தி என்ன நெனப்பான்?"

உறுப்பினர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வேறு வீரர் தேட நேரமும் இல்லை.

குழு கூடிய அறையில் நீள மேசை, ஆளுக்கொரு ஒலிவாங்கி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். குளிர்சாதன இயந்திரம் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. காது கேளாதவருக்கு அதைவிட மோசமான எதிரி கிடையாது. மேஜர் பழைய சீருடையில் வந்திருந்தார். மனைவி அதை இஸ்திரி போட்டு, பித்தளைப் பொத்தான்களை மின்ன வைத்திருந்தார். இடுப்புப் பக்கம் மட்டும் சீருடைக்கும் அவருக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடு இருந்தது. மனைவி அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தார்.

எங்கள் உறுப்பினர் எழுந்து, பீரங்கிகளின் நடுவே நின்ற மேஜர் இவர் என்று அறிமுகம் செய்தார். அது மட்டும் எப்படியோ மேஜர் காதில் தெளிவாக விழுந்துவிட்டது. அவர் எழுந்து விறைப்பாக நின்று, நான் மேஜர் இல்லை, பீரங்கியை அணிவகுப்பு மைதானத்தில் நிறுத்தி வைத்துத்தான் பார்த்திருக்கிறேன், கிளாரினெட் வாசித்தவன், பெரிய டிரம் காதைக் கெடுத்துவிட்டது என்று வரிசையாகச் சொல்லி உட்கார்ந்தார். சொன்னபடியே சிரித்தார்கள். எங்கள் உறுப்பினர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மேசையின் அந்தக் கோடியில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட உறுப்பினர் ஒருவர் இருந்தார். செலவு வைக்கும் எதையும் ஒரு தரம் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார் என்று பெயரெடுத்தவர். அவர் சிரிக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நெசவாலையில் வேலை செய்பவருக்கும் காது போகிறது, லாரி ஓட்டுபவருக்கும் போகிறது, வாத்தியம் வாசித்ததை எப்படிப் போர் என்று எடுத்துக்கொள்வது என்றார். மனைவி இதை மேஜரின் காதருகே சொல்லத் தொடங்கினார். அவர் காதருகே சொன்னதே ஒலிவாங்கி வழியாக அறை முழுவதும் அதிர்ந்தது. கேள்வி கேட்டவரே பின்னுக்குச் சாய்ந்தார்.

குழுத் தலைவி சூழ்நிலையைச் சமாளிக்க நினைத்தார். பதில் சொல்லச் சுலபமான ஒரு கேள்வியைப் போடுவோம் என்று, முன்னால் குனிந்து, "நீங்க எத்தனை வருஷம் வாசிச்சீங்க?" என்று கேட்டார்.

இயந்திரத்தின் உறுமலில் மேஜருக்கு 'எத்தனை' மட்டும் பிடிபட்டது. மிச்சத்தை அவரே நிரப்பிக்கொண்டார். எத்தனை பேருக்கு வாசித்தீர்கள் என்று கேட்பதாக எடுத்துக்கொண்டார்.

"கணக்கு வெச்சுக்கலம்மா" என்றார். "போறவங்களுக்கு வாசிச்சோம். திரும்பி வந்தவங்களுக்கு வாசிச்சோம். பெட்டியில வந்தவங்களுக்கும் நாங்கதான். அவங்களுக்கு வாசிக்கும்போது டிரம்முக்குத் துணி சுத்திடுவாங்க, சத்தம் அடங்கி வரணும்னு. அன்னிக்கு மட்டும் என் காதுக்கு ஓய்வு." பித்தளைப் பொத்தான் ஒன்றைத் தடவிக்கொண்டார். "துணி சுத்தறதப் பாத்தாலே, இந்த ஓய்வு நமக்கு வேணாமேன்னு இருக்கும்."

எங்கள் உறுப்பினர் பாட்டிலின் மூடியை மேசை மேல் வைத்துவிட்டார்.

மனைவி அவர் முழங்கையைத் தொட்டு, "எத்தனை வருஷம்னு கேட்டாங்க" என்றார். அன்று அவருக்குக் குரல் எழும்பவில்லை. மேஜர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டு, "ஓ, இருபத்திரண்டு" என்றார். கேட்காததைச் சொல்லிவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டார். தலைவி குறிப்பெடுப்பவரைப் பார்த்து, இரண்டு பதிலையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒல்லி உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, பழையபடி மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது சட்டமன்றம் நடக்கிற வேகத்தில் நடந்தது. கௌரவிக்கும் பிரிவுகள் எல்லாம் ஒரே அமர்வில் நிறைவேறின. கை தூக்காதவர் யாரும் இல்லை. தூணின் உயரத்தில் மட்டும் சமரசம் செய்துகொண்டார்கள். கருவி கொடுக்கும் பிரிவு நிதித்துறைக்குப் போயிற்று, அங்கிருந்து சுகாதாரத்துறைக்குப் போயிற்று, யாருடைய துறை என்று தெரியாமல் கொஞ்ச நாள் நடைபாதையில் நின்றது. கடைசியில் 'போர்க்களத்தில் குண்டோசையால்' என்பதை எடுத்துவிட்டு 'பணிக்காலத்தில்' என்று போடலாம் என்று திருத்தம் கொண்டுவந்தவர் அந்த ஒல்லி உறுப்பினர்தான். ஒரு சொல் குறைந்தால் அச்சுச் செலவும் குறையும் என்று அவர் விளக்கம் சொன்னாராம். அதுதான் உண்மைக் காரணம் என்று அவரைத் தெரிந்த யாரும் நம்பவில்லை. ஆனால் அவரிடம் போய்க் கேட்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

நடுவில் கௌரவிப்பு விழா வந்தது. சட்டத்தில் சொன்னபடி முன்னாள் வீரர்களுக்கு முன்வரிசை. முன்வரிசைக்கு மிக அருகே, ஆள் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகள். காது போகாமல் தப்பி வந்தவர்களையும் விடுவதில்லை என்று விழாக்குழு முடிவு செய்தது போலிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் நெளிந்தார்கள். மேஜர் மட்டும் வலது பக்கத்தை ஒலிபெருக்கிக்குக் கொடுத்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அந்தக் காதால் அவருக்குக் கிடைத்த முதல் லாபம் அது. பதக்கத்துக்கு அவரை 'மேஜர்' என்றே கூப்பிட்டார்கள். மனைவி இடித்த பிறகு எழுந்து போனார். இந்த முறை திருத்தவில்லை. வரிசை நீளமாக இருந்தது, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது.

கருவி வந்த நாளில் கட்டடமே அவர்களுடைய வீட்டு வாசலில்தான். இரண்டு காதுக்கும் இரண்டு, அவரைக்கொட்டை அளவில். மாட்டிக்கொண்டு முதலில் அவர் கேட்டது குளிர்சாதனப் பெட்டியின் சத்தத்தை. இது எப்போதிலிருந்து இப்படி என்று விசாரித்தார். வாங்கியதிலிருந்தே இப்படித்தான் என்றார் மனைவி, வழக்கமான குரலில். மேஜர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். மெதுவாகப் பேசச் சொன்னார். அந்த அம்மாவும் முயற்சி செய்தார். இரண்டு வார்த்தை மெதுவாக வரும், மூன்றாவது வார்த்தை பழைய உயரத்துக்கு ஏறிவிடும். பஞ்சுக் குரல் திரும்பச் சில மாதம் பிடித்தது. அதற்குள் மேஜர், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பொத்தானைச் சட்டைப் பொத்தான் போல யாருக்கும் தெரியாமல் தொடப் பழகிவிட்டார்.

வங்கியில் அவருக்கு வேறொரு ஆச்சரியம் காத்திருந்தது. காசாளர் அம்மாவை அவர் வாய் திறக்காத, மிகக் கண்டிப்பான பெண்மணி என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார். உதடு அசைவதைப் பார்த்திருக்கிறார். நோட்டு எண்ணுகிறார் என்று விட்டுவிட்டார். இப்போது கேட்டால், அந்த அம்மா நாள் முழுக்க முணுமுணுப்பது ஒரே ஒரு தாலாட்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது வரி மட்டும் ஒவ்வொரு முறையும் சுருதி இறங்கியது.

மேஜர் பொறுத்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் வாசித்த மனிதருக்கு அது செருப்புக்குள் கல் மாதிரி. ஒரு நாள் காலை, கதவு திறப்பதற்கு முன், காசாளர் கூண்டின் அருகே போய் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மூணாவது வரி கொஞ்சம் மேல போகணும்."

காசாளர் அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "இத்தனை வருஷமா பாடறேன். ஒரு நாள்கூட சொல்லலையே?"

"கேக்கலையேம்மா."

அதற்கு அந்த அம்மா சிரித்துவிட்டார். யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்தான் பாடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இரண்டு நாள் பாட்டு நின்றுபோயிற்று. மூன்றாம் நாள் அவரே மேஜரைக் கூப்பிட்டு, அந்த வரி எப்படி என்று கேட்டார். மேஜர் மெல்லிய குரலில் பாடிக் காட்டினார்.

இப்போதெல்லாம் கதவு திறக்கச் சற்றுத் தாமதமாகிறது. வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்து முணுமுணுக்கிறார்கள். மேலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். காசாளர் அம்மாவுக்கு மூன்றாவது வரி இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. மேஜரும் விடுவதாக இல்லை.