அம்மா போட்டு வந்த பாடி

‘பாடி’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது சேலத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில். நர்ஸ் வேலை பழகச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கப் போயிருந்தேன். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். வெள்ளைச் சேலை, ரவிக்கை கிடையாது. பெரிய நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரவிக்கையும் உள்ளே பாடியும் போட்டு வந்தால்தான் சேர்ப்போம் என்றார்.

“அப்படீன்னா என்னங்க?”

“உள்ளே போடுறதும்மா. இங்கிலீஷ்ல உடம்புன்னு அர்த்தம். வெள்ளைக்காரிங்க சட்டையில மார்ப்பக்கத்துத் துணிக்கு அந்தப் பேரு. நம்ம தையக்காரங்களும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க.”

அந்த வெள்ளைக்காரிகள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதையே யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தாலியறுத்தவள் தைத்த துணி போடக்கூடாது, அவ்வளவுதான். அண்ணன் தீர்த்துச் சொல்லிவிட்டான்.

“போறதுன்னா போ. தெச்ச துணி உம்மேல பட்டுதுன்னா இந்த ஊட்டு வாசப்படி ஏறாத.”

போட்டால் வீடு இல்லை. போடாவிட்டால் அண்ணி ஊற்றும் கூழுக்குச் சாகும்வரை கையேந்த வேண்டும். கிணற்றடி வரை போய்த் திரும்பியிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

யுத்த காலம், கடையில் துணி கிடைக்காது. அம்மா, செத்துப்போன அப்பாவின் வேட்டியைக் கிழித்து, ஆடு மேய்க்கப் போன காட்டில் உட்கார்ந்து தைத்தாள். அவள் ஜென்மத்தில் ரவிக்கை போட்டறியாதவள். எங்கள் பக்கம் அந்த வயதுப் பெண்கள் யாருமே போட்டதில்லை. கடலைக்காய் மூட்டை தைத்துப் பழகிய கை. நான் வாயால் சொன்னதை வைத்து ரவிக்கை ஒன்றும் பாடி ஒன்றும் எப்படியோ தைத்துவிட்டாள்.

புறப்பட்ட அன்று அண்ணன் என் மூட்டையை அவிழ்த்து உதறினான். தைத்த துணி எதுவும் அதில் இல்லை. எங்கே போயின என்று எனக்கே தெரியவில்லை. “பஸ் ஏத்திட்டு வாரேன்” என்று சொல்லி அம்மா என்னோடு கிளம்பினாள்.

புதுச்சத்திரம் ரோட்டோரம் ஒரு சோளக்காட்டுக்குள் என்னை இழுத்துப் போய் முந்தானையை விலக்கினாள். இரண்டும் அவள் மேலே இருந்தன. எது உள்ளே எது வெளியே என்று தெரியாமல் ரவிக்கையின் மேல் பாடியைப் போட்டிருந்தாள்.

“வெரசாப் போட்டுக்க சாமி.”

வேர்வையில் நனைந்த துணி. அந்தச் சூட்டோடு போட்டுக்கொண்டேன். எனக்கு அழுகை அடங்கவில்லை.

“இனி இங்க வராத. வந்தா கழட்டச் சொல்லுவாங்க.”

நான் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அம்மா செத்ததை அண்ணன் சொல்லியனுப்பவுமில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, வைத்தியத்துக்கு வந்த ஊர்க்காரி ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள். அறைக்கு ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்த அந்தப் பாடியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். சவுக்கார வாசனைதான் வந்தது. எத்தனையோ தடவை நானே துவைத்துவிட்டிருந்தேன்.