கேபின்காரர் வீட்டுக் கைகாட்டி

பக்கவாதம் என் கணவரின் வலது கையைப் படுக்கப்போட்ட வருஷம்தான் எங்கள் வீட்டில் ரயில் ஓடத் தொடங்கியது. தொண்ணூறுகளின் கடைசி அது. மணியாச்சிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் அவருக்குக் கேபின் வேலை. இருபது வருஷம் லீவரை இழுத்து, தூரத்தில் நிற்கும் கைகாட்டியை இறக்கியவர். இப்போது சோற்றை அள்ளக்கூட விரல் மடங்கவில்லை. விரலுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் டாக்டர்.

எப்போதோ திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை ரயிலைப் பரணிலிருந்து எடுக்கச் சொன்னார். ஒரு எஞ்சின், ஒரு பெட்டி, வட்டமாகத் தண்டவாளம். பலகையில் பொருத்தினேன். அது போதாதாம். கூட்ஸ் பெட்டி வேண்டும், சிக்னல் வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் பகலெல்லாம் பெட்டி ஒட்டிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் பெட்டி ஒட்டுகிற தலையெழுத்து. கழித்துப்போட்ட தீப்பெட்டிகளில் சட்டைப் பித்தானைச் சக்கரமாக வைத்து எட்டு வேகன் செய்தேன். சைக்கிள் கம்பியை நட்டு, தகரத்தில் கை வெட்டிப் பொருத்தி, சிவப்பு நகப்பூச்சு பூசினேன். நூலை இழுத்தால் கை இறங்கும். விட்டால், பின்னால் கட்டிய இரும்பு நட்டின் பாரத்தில் மறுபடி நீட்டிக்கொள்ளும். நூலைப் பலகைக்கு அடியில் கொண்டுபோய் அவருடைய வலது ஆள்காட்டி விரலில் கட்டினேன்.

தினமும் சாயங்காலம் நான் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். தகரக் கை இறங்காமல் ரயில் நகரக் கூடாது. அது இறங்கவே இல்லை. இடுப்பு விட்டுப்போகும், அடுப்பில் உலை ஏறியிருக்காது.

"நூல் தொய்ஞ்சு கெடக்குட்டி, இழுத்துக் கட்டு" என்பார்.

ஸ்டேஷனில் லீவரிலிருந்து கைகாட்டிக்குப் போகிற கம்பி வெயிலில் தொய்யுமாம். நூல் விறைப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அவிழ்த்துக் கட்டுவேன்.

ஒருநாள் என்னால் முடியவில்லை. கால் பெருவிரலால் நூலைச் சுண்டி இழுத்தேன். தகரக் கை இறங்கியது. சந்தோஷப்படுவார் என்று ரயிலைத் தள்ளினேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"நடுவுல யாரோ கம்பிய இழுக்காவ. எனக்குத் தெரியாதாட்டி? கை விழாட்டா விழாமப் போகட்டும். பொய் சிக்னல் குடுத்தா ரயிலு என்னத்துக்கு ஆவும்?"

அவமானத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "நான் தண்ணி பிடிக்கணும், சோறு பொங்கணும், நீங்க ரயில் ஓட்டுதீங்க!" என்று கத்தினேன். பிறகு ரயிலைப் பின்னால் இழுத்து, கைகாட்டிக்கு முன்னால் நிறுத்தினேன்.

மழை தொடங்கிய பிறகு ஒரு சாயங்காலம். எஞ்சின்மேல் கையை வைத்தபடி தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். நூல் உரசுகிற சத்தம் கேட்டது. அவர் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. தகரக் கை கொஞ்சம் தாழ்ந்து பாதியில் நின்றது. என் கால்களைக் குனிந்து பார்த்தேன். இரண்டும் நூலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தன.

"இறங்கிட்டு! இறங்கிட்டு!" என்று எஞ்சினைத் தள்ளப் போனேன்.

"ஏட்டி, நில்லு" என்றார். "பாதி இறங்குனா ரயில் போகக் கூடாது. முழுசா இறங்கும், இரு."

நிறுத்தினேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முழுசாக இறங்கும் என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.