குணேஸ்வரியின் முட்டைப் பெட்டியும் எங்கட அடுப்புகளும்

கப்பல்துறையிலை ஒரு வீட்டிலும் கோழி இல்லாத காலம் அது. அகதி முகாமிலை கிடந்துபோட்டுத் தொண்ணூற்றாறிலை திரும்பி வந்தால், கூடு கிடக்கு, கோழியைக் காணேல்லை. நாங்கள் கூரை போச்செண்டு அழுதுகொண்டிருக்க, பக்கத்து வளவுக் குணேஸ்வரி கோழியைப் பற்றி யோசிச்சாள். பட்டணத்திலை மோட்டருக்குக் கம்பி சுத்துற கடையிலை கன வருசம் வேலை செய்தவள். கலியாணம் கட்டேல்லை. ஒருத்தனைக் கட்டன் பிள்ளை எண்டால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஒரு மரப்பெட்டி, மூடியிலை ஒரு கண்ணாடித் துண்டு, உள்ளுக்கை ஒரு பல்ப், ஒரு கிண்ணம் தண்ணி, ஒரு வெப்பமானி. இதுதான் அவளின்ர அடைகோழி. கடையிலை கூட வேலை செய்த றம்ஸியா கிண்ணியாவிலை இருந்து முட்டைகளை உமிக்குள்ளை புதைச்சு அனுப்பினாள். வீட்டுக்கு இரண்டு குஞ்சு எண்டு குணேஸ் எல்லாருக்கும் வாக்குக் குடுத்துப்போட்டாள். முதல் தரம் வைச்சதெல்லாம் கூழாப் போச்சு. றம்ஸியா முகம் கோணாமல் இன்னொருக்கா அனுப்பினாள். அதோட அவளிட்டையும் முட்டை முடிஞ்சுது. இதுவும் போனால் ஊருக்குக் கோழி இல்லை.

அப்ப மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. சண்டையாலை விறகுக்குக் காட்டுக்குப் போக ஏலாது. எல்லார் குசினியிலையும் சுருள்கம்பி போட்ட கரண்ட் அடுப்புத்தான். கம்பி அறுந்தால் குணேஸிட்டைக் கொண்டு ஓடுவம். எரிஞ்ச துண்டைக் குறட்டாலை வெட்டி எறிஞ்சுபோட்டு மிச்சத்தை முறுக்கித் தருவாள். புதினம் என்னெண்டால், வெட்டின அடுப்பு முந்தியைவிட நல்லாச் சூடாகும்! பேந்தென்ன, அறாத கம்பியையும் கொண்டுபோய், "கொஞ்சம் வெட்டிவிடு பிள்ளை" எண்டு நிண்டம். ஒருத்தி வெட்டினால் மற்றவளுக்குச் சோறு வேக நேரமாகும். பேந்து அவளும் கொண்டு ஓடுவாள்.

ஒரு காலமை குணேஸ் என்ர அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கரண்ட் அளக்கிற மீற்றரிலை மாட்டினாள். இருநூறு வோல்ற்றுக்கு ஐஞ்சு அம்பியர் இழுத்தது.

"புதுசிலை நாலுதான் கனகக்கா. இருநூறை நாலாலை பிரிச்சால் தடை ஐம்பது. ஐஞ்சாலை பிரிச்சால் நாற்பது. கம்பி கட்டையாக, தடை குறைஞ்சு, எண்ணூறு வாற் அடுப்பு ஆயிரம் வாற்றாப் போச்சு."

"நல்லதுதானே, அதுக்கேன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கிறாய்?"

"எல்லாரும் கூட இழுக்க, பின்னேரம் லைன் நூற்றறுபது வோல்ற்றுக்கு இறங்குது. வோல்ற் குறையக் கரண்டும் குறையும். இரண்டையும் பெருக்கினால்தானே சூடு? பல்ப்பின்ர சூட்டிலை மூண்டிலை ஒரு பங்கு போயிட்டுது. முதல் வைச்ச முட்டையளை நான்தான் அக்கா சாகடிச்சனான், என்ர குறட்டாலை."

"பெரிய பல்பொண்டைப் போடன்."

"கையிலை இது ஒண்டுதான். அணைச்சுப் போடவும் பயமாக்கிடக்கு. குளிர்ந்த இழைக்குத் தடை குறைவு, போட்ட உடன கரண்ட் பாய்ஞ்சு அறுத்துப்போடும். மற்றப் பல்ப் அப்பிடித்தான் போனது. பட்டணத்துக் கடைக்குப் போற றோட்டையும் ஆமிக்காரர் பூட்டிப்போட்டாங்கள்."

அவள் கண்ட வழி, முறை வைச்சுச் சமைக்கிறது. றோட்டுக்கு அந்தப் பக்கம் பொழுது படமுன்னம், இந்தப் பக்கம் அதுக்குப் பிறகு. அரைவாசி அடுப்பெண்டால் லைன் நூற்றித்தொண்ணூறிலை நிக்குமாம், சோறும் கெதியா வேகுமாம். எங்கட பக்கமெல்லோ பிந்தி! "போடி விசரி, என்ர மனுசன் வேலையாலை வந்து பட்டினி கிடக்கிறதோ?" எண்டு பேசினன். அவள் ஒரு முட்டையை எடுத்து ரோச் வெளிச்சத்திலை பிடிச்சாள். உள்ளுக்கை சிவப்பு நரம்பு, நடுவிலை ஒரு பொட்டு துடிக்குது. அண்டைக்கே வீடு வீடாப் போய், முறை மாறினால் நடக்கிறது வேறை எண்டு சத்தம் போட்டதும் நான்தான்.

பெட்டிக்குள்ளை கீச்சுச் சத்தம் கேட்ட செய்தி றோட்டெல்லாம் பறந்தது. அண்டு பின்னேரம் ஒருத்தியும் அடுப்புப் போடேல்லை. நாங்கள் சமைச்சு அந்தச் சீவன்களைச் சாகடிக்கிறதோ? பாண் துண்டும் கையுமா எல்லாரும் அவளின்ர முற்றத்திலை வந்து நிண்டம். எனக்கு ஒரே பெருமை.

குணேஸ் வெளிறின முகத்தோட உள்ளுக்கிருந்து ஓடி வந்தாள். "ஒருத்தரும் சமைக்கேல்லையோ?"

"உனக்காகத்தான் பிள்ளை, ஒருத்தியும் அடுப்புப் போடேல்லை."

"ஐயோ அக்கா, லைன் இருநூற்றிமுப்பதுக்கு ஏறிட்டுது! சூடு ஒண்டரை மடங்கு, குஞ்சுகள் அவியப்போகுது! மற்ற நேரம் லைன் ஏறினால் மூடியை நீக்கிவிடுவன், இப்பத் திறந்தால் ஈரம் போய்க் குஞ்சு ஓட்டோட ஒட்டிப்போகும். அணைச்சால் பல்ப் போயிடும். அரைவாசிப்பேர் ஓடுங்கோ, போய்ச் சமையுங்கோ!"

"எங்கட பக்கம்!" எண்டு கத்தினபடி சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடினன். கையிலை அகப்பட்ட பானை, அளவு பாராமல் அரிசி. அடுப்பைப் போட்டுட்டுத் திரும்பி ஓடிவர, பல்ப் கொஞ்சம் மங்கியிருந்தது. வெப்பமானி மெல்ல மெல்ல இறங்கிச்சுது. குணேஸ் என்ர கையை விடாமல் பிடிச்சுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள்ளாலை பாத்தம். ஒரு முட்டை வெடிச்சு, ஈரக்குஞ்சொண்டு எழும்பி விழுந்து, பேந்தும் எழும்பிச்சுது. அதுக்குப் பக்கத்திலை இன்னொண்டு. பானை அங்கை பொங்கி வழிஞ்சிருக்கும். வழியட்டும். என்ர சீவியத்திலை அவ்வளவு சந்தோசமா நான் ஒருநாளும் சோறு காய்ச்சினதில்லை.